பியூசிங் கேன்வாஸை ரோலாக வாங்குவோர் கவனத்திற்கு: எனக்கு ரூ. 11,600 நஷ்டம்

சட்டைக் காலரும் கஃபும் விறைப்பாக நிற்க உள்ளே வைத்து இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத்துணியான பியூசிங் கேன்வாஸை முழு ரோலாக வாங்கும் தையற்காரர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். தையல் உதிரிப்பொருள்களை மொத்த விலைக்கு விற்கும் ஒரு கடையில் நம்பி வாங்கிய 50 மீட்டர் ரோலால் ரூ. 11,600 இழந்து நிற்கிறேன். நேற்று மாலை அந்தக் கடைக்காரர் என்னிடம் பேசிய விதத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஓர் உணவகப் பணியாளர்களுக்குச் சீருடைச் சட்டை தைக்கும் வேலை வந்திருந்தது. அடிக்கடி துவைக்கப்படும் சட்டை என்பதால், தண்ணீர் பட்டாலும் பசை விடாத, நெய்த பருத்திக் கேன்வாஸ்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் ரோலின் வெளிச்சுற்றிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை வெட்டி, நான் கொண்டுபோயிருந்த சட்டைத் துணியின் உட்புறத்தில் பசைப்பக்கம் படும்படி வைத்து, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுத்தார். ஆறிய பிறகு, "நீங்களே பிரிச்சுப் பாருங்கம்மா" என்று என் கையில் கொடுத்தார். நகத்தால் கீறியும் ஓரம் பெயரவில்லை. வீட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. தொழில் தெரிந்த மனிதர் என்று நம்பி, அதன் பிறகே பணம் கொடுத்து அந்த ரோலை எடுத்தேன். பில் கேட்டதற்கு, பில் புத்தகம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லி எஸ்டிமேட் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சட்டைத் துணியை முதலில் நனைத்து உலர்த்தி, கேன்வாஸையும் வெதுவெதுப்பான நீரில் முக்கி முறுக்காமல் காயவைத்து, பேப்பர் பேட்டர்னைத் துணியின் நூல் ஓடும் திசைக்கு நேராக வைத்து வெட்டி, காலர் முனை தடித்துப் போகாதிருக்கத் தையலுக்கு விடும் ஓரத்தில் கேன்வாஸை நறுக்கிவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் 12 முதல் 15 விநாடி அழுத்தி, சூடு ஆறும்வரை அசைக்காமல் விட்டுத்தான் தைத்தேன். அப்படியிருந்தும் முதல் சலவையிலேயே பெரும்பாலான காலர்கள் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிட்டன.

ஒரு காலரைப் பிரித்தேன். நனைந்த உறையிலிருந்து தபால்தலை கழன்று வருவதுபோல் கேன்வாஸ் முழுதாகக் கையோடு வந்தது. வெளிச்சுற்றில் மிஞ்சியிருந்த ஒரு துண்டையும் ரோலின் உட்சுற்றையும் அருகருகே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் மோசடி புரிந்தது. முதல் துண்டில் பசைப் புள்ளிகள் நெருக்கமாக, ஒரே சீராக இருந்தன. உட்சுற்றில் அவை விலகி விலகி, சில இடங்களில் அறவே இல்லாமல் இருந்தன, நெசவும் தளர்ந்திருந்தது. வெளியே சில மீட்டர் நல்ல சரக்கைச் சுற்றி, உள்ளே மட்டமான சரக்கை வைத்து ஒரே ரோலாக என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தொலைபேசியில் கேட்டபோது, என் இஸ்திரிப் பெட்டியில் சூடு அதிகம் என்றார். பிறகு, துணியில் பாலியஸ்டர் கலந்திருப்பதால் எந்தக் கேன்வாஸும் நிற்காது என்றார். அதே துணியில்தான் அவர் கையால் ஒட்டிக் காட்டினார். நான் அனுப்பிய படங்களைப் பார்த்தும் பதில் இல்லை. நேரில் போனால், மற்ற வாடிக்கையாளர்கள் முன்னிலையில், "வெட்டின சரக்கை எவன்மா திரும்ப எடுப்பான்?" என்று குரலை உயர்த்தினார். எஸ்டிமேட் சீட்டை நீட்டினேன். அதில் தங்கள் கடைப் பெயரே இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்!

ரோலுக்கு ரூ. 4,500, காலரையும் கஃபையும் மாற்றித் தைக்க வாங்கிய துணிக்கும் வேறு கேன்வாஸுக்கும் ரூ. 2,600, உணவகத்தார் கூலியில் பிடித்துக்கொண்டது ரூ. 4,500. ஆக ரூ. 11,600. வீட்டு முன்னறையில் ஒற்றை மிஷினை வைத்துப் பிழைக்கும் எனக்கு ரூ. 11,600 சின்னத் தொகையல்ல. பிரித்துத் தைத்த உழைப்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. ரோலைக் கடையிலேயே விரிக்கச் சொல்லி, உட்சுற்றிலிருந்து துண்டு வெட்டிச் சோதியுங்கள். விரிக்க மறுத்தால் வாங்காதீர்கள். எஸ்டிமேட் சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கும் பொருளுக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்பதால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் நாளை புகார் சொல்லப் போகிறேன். உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் மிஞ்சிய ரோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்குத் தேவைப்படும்.