மென்பொருள் சந்தா என்ற பெயரில் கடன்: சிறு உணவகம் நடத்துவோர் கவனத்திற்கு

மேசைதோறும் கியூஆர் ஒட்டித் தருகிறோம், வாடிக்கையாளர் கைப்பேசியில் தொட்டால் ஆர்டர் நேராக அடுப்படிக்குப் போய்விடும், பில்லும் தானாக விழும் என்று சொல்லிக்கொண்டு சிறு உணவகங்களுக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகளைப் பற்றிய எச்சரிக்கை இது. மதுரையில் நானும் என் தம்பியும் நடத்தும் கடையில் அப்படிப்பட்ட ஓர் அமைப்பைப் பொருத்தி, அது நின்றுபோன பிறகும் மாதத் தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

காலையில் டிபனும் இரவில் பரோட்டா, கறிதோசையுமாக ஓடும் பன்னிரண்டு மேசைக் கடை எங்களுடையது. இரவு எட்டு மணிக்கு மேல் சப்ளையர் ஆர்டரை வாயால் சொல்ல, பரோட்டா மாஸ்டரும் தோசைக்கல்லில் நிற்பவரும் அதை நினைவில் வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் சொன்ன முதல் ஆர்டர் ஒழுங்காகப் பில்லில் ஏறிவிடும். சாப்பாட்டின் நடுவே கேட்கும் ஆஃப்பாயிலும் கலக்கியும் இன்னொரு தோசையும்தான் விட்டுப்போகும். பார்சலுக்கு நிற்பவர் தன் முறை எது என்று தெரியாமல் கல்லாவில் வந்து சத்தம் போடுவார். ஆகவே தேவை உண்மையானது, தொழில்நுட்பத்தால் தீர்க்கக்கூடியதும்கூட. இவ்வகை நிறுவனங்கள் நம்மைப் பிடிப்பது இந்த உண்மையான தேவையைக் கொண்டுதான்.

பிரதிநிதி வந்தது மாலை நான்கு மணிக்கு, கடையில் கூட்டமே இல்லாத நேரத்தில். தன் கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து, ஆங்கிலத்தில் இரண்டு ஆர்டர்களைப் போட்டுக் காட்டினார். அவை நொடியில் அச்சாகி வந்தன. ஒரு டேப்லெட், இரண்டு தெர்மல் பிரிண்டர்கள், கியூஆர் அட்டைகள், மூன்றாண்டு மென்பொருள் எல்லாம் சேர்த்து மாதம் 2,400 ரூபாய் ‘சந்தா’, பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். விலையில் சேர்ந்திருக்கும் 18 சதவீத ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இது முழுப் பொய். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் என்ற ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கும் உணவகமும், 5 சதவீத வரி செலுத்தும் சாதாரண உணவகமும், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையைப் பெற முடியாது என்பது உணவகத் தொழிலுக்கு மென்பொருள் விற்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அமைப்பு வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். அடுப்படிச் சீட்டில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்களும் கேள்விக்குறிகளும் அச்சாயின. மலிவான தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு உள்ளே இருப்பதில்லை; மென்பொருள்தான் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். பல மென்பொருள்கள் அதைச் செய்கின்றன, இது செய்யவில்லை. ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். எங்கள் பரோட்டா மாஸ்டருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். ‘வெங்காயம் வேண்டாம்’, ‘சால்னா தனியாக’ என்று வாடிக்கையாளர் எழுதும் குறிப்பு டேப்லெட்டில் தெரியும், அடுப்படிச் சீட்டில் வராது. கறிதோசை தீர்ந்துவிட்டால் பட்டியலிலிருந்து நாமே அதை நீக்க முடியாது. அவர்களுடைய அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அந்த அலுவலகமோ மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். இரவுக் கடைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஏற்பாட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது இணையம் துண்டிக்கப்படும்போது நடந்ததுதான். ஆர்டர் கைப்பேசியிலிருந்து நேராக அடுப்படிக்குப் போவதாகச் சொன்னார்களே தவிர, உண்மையில் அது வெளியூரில் உள்ள அவர்களுடைய சர்வர் கணினிக்குப் போய்த் திரும்ப வருகிறது. கடையின் இணையம் சில நிமிடம் நின்றால், வாடிக்கையாளரின் திரையில் ‘ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்று இருக்கும், அடுப்படியில் சீட்டு வராது. காத்திருந்தவர்கள் சப்ளையரிடம் வாயால் சொல்வார்கள். மாஸ்டர் போட்டுக் கொடுத்துவிடுவார். இணையம் வந்ததும் தேங்கியிருந்த சீட்டுகள் எல்லாம் ஒரே மூச்சில் அச்சாகி, அதே பரோட்டா இரண்டாம் முறையும் கல்லில் விழும். கடைக்குள்ளேயே இருக்கும் கம்பியில்லா இணைப்பில், வெளி இணையம் இல்லாமலே டேப்லெட்டும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும்படி அமைக்கலாம் என்பதை வேறு கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம்.

வாடிக்கையாளர்கள் பட்ட தொல்லை தனி. பட்டியலைப் பார்ப்பதற்கே கைப்பேசி எண்ணும் ஓடிபியும் கேட்டது. நான்கு இட்லி சாப்பிட வந்த பெரியவர் ஏன் எண்ணைத் தர வேண்டும்? பொருளுக்கோ சேவைக்கோ கைப்பேசி எண்ணைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. எண் கொடுத்தவர்களில் சிலர் பிறகு வந்து, வேறு உணவகங்களின் விளம்பரச் செய்திகள் வருவதாக எங்களிடம் சண்டை பிடித்தார்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால், வாடிக்கையாளர் விவரங்கள் நிறுவனத்துக்கே உரியவை என்று பொடி எழுத்தில் இருந்தது.

பில்லில் செய்தது சட்டச் சிக்கலையே கொண்டு வந்திருக்கும். நாங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறோம். ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட உணவகம் இதில் சேர்ந்தால், விற்பனையில் 5 சதவீதத்தைத் தன் கையிலிருந்து வரியாகக் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, காம்போசிஷன் வணிகர் என்ற குறிப்பும் பில்லில் இருக்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்திருந்தும், எல்லாக் கடைக்கும் ஒரே அச்சாக, பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டியைத் தனியாகச் சேர்த்திருந்தார்கள். போதாததற்கு ‘சேவைக் கட்டணம்’ என்று இன்னொரு தொகை. சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பரோட்டாக் கடையில் சேவைக் கட்டணமா என்று கேட்ட கல்லூரி மாணவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்றிரவே அந்தப் பில்லை நிறுத்தி, கையால் எழுதத் தொடங்கினோம்.

பணம் போன வழியையும் சொல்ல வேண்டும். மேசையில் இருந்த கியூஆரில் வாடிக்கையாளர் செலுத்திய தொகை எங்கள் வங்கிக் கணக்குக்கு வரவில்லை. நிறுவனத்தின் கணக்குக்குப் போய், வாரம் ஒருமுறை ‘வசதிக் கட்டணம்’ கழித்து வந்தது. வங்கி நேராகத் தரும் யுபிஐ கியூஆரில் பணம் உடனே கடைக் கணக்கில் விழுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தும் யுபிஐ தொகைக்கு வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. காலையில் காய்கறிக்கும் கறிக்கும் ரொக்கம் கொடுக்க வேண்டிய கடைக்கு ஒரு வார விற்பனைப் பணம் வேறொருவரிடம் நிற்பது எப்படிப்பட்ட நெருக்கடி என்பது தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். வணிகருக்காகப் பணம் வசூலித்து, பிறகு பிரித்துத் தரும் வங்கியல்லாத நிறுவனம் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அனுமதி பெற்றவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. இந்த நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை.

இவ்வளவும் மோசமான சேவை. இனிச் சொல்வதுதான் ஏமாற்று. நிறுத்திக்கொள்கிறோம் என்று எழுதியபோது, ‘தாராளமாக நிறுத்துங்கள், ஆனால் தவணை தொடரும்’ என்று பதில் வந்தது. வங்கிக் கணக்கைப் பார்த்தால், மாதந்தோறும் 2,400 ரூபாயைப் பிடித்துக்கொண்டிருந்தது மென்பொருள் நிறுவனம் அல்ல, நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு நிதி நிறுவனம். ‘கணக்கைத் திறக்க’ என்று சொல்லி ஆதார், பான் எண்களுடன் வாங்கிய ஓடிபிகளில் ஒன்று கடன் ஒப்பந்தத்துக்கான மின்கையொப்பம். இன்னொன்று தானாகத் தவணை பிடிக்கும் அனுமதி. மூன்றாண்டுச் சந்தா முழுவதையும் கடனாகக் காட்டி, அந்தத் தொகையை நிதி நிறுவனம் மென்பொருள் நிறுவனத்துக்கு அப்போதே கொடுத்துவிட்டது. மொத்தப் பணமும் கைக்கு வந்துவிட்ட பிறகு, சீட்டில் தமிழ் அச்சானால் என்ன, கட்டம் அச்சானால் என்ன, அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. கடனாளி என்று எழுதப்பட்டிருப்பது என் தம்பியின் பெயர்.

டிஜிட்டல் கடன்களுக்கான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்கு முன்கூட்டியே தர வேண்டும்; அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள அவகாசமும் தர வேண்டும். எங்களுக்கு அறிக்கை வரவில்லை. அவகாசம் முடிந்த பிறகுதான் பிரிண்டர்களே கடைக்கு வந்து சேர்ந்தன. அந்தத் தாமதம் தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் கோபத்தில் வங்கிக்குப் போய்த் தவணை அனுமதியை ரத்து செய்துவிட வேண்டாம். ரத்து செய்வது எளிது. ஆனால் கடன் தவறியதாக உங்கள் பெயரில் பதிவாகி, நாளை அடுப்பு வாங்கவோ கடையை விரிக்கவோ வங்கிக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். முதலில் நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்; விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தின் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அவர்கள் வாதிடுவார்கள். ஆனால் சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கென்று வாங்கியவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாநில நகரத்தின் நீதிமன்றத்தைக் குறித்திருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. நாங்கள் நிதி நிறுவனத்துக்கு எழுதி, பதில் திருப்தி தராததால் குறைதீர்ப்பாளரிடம் சென்றிருக்கிறோம்.

யாராவது உங்கள் கடைக்கு இதே பேச்சோடு வந்தால், மாலை நான்கு மணிச் செய்முறை வேண்டாம், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். இணையத்தை அணைத்துவிட்டு ஓர் ஆர்டர் போடச் சொல்லுங்கள். ‘வெங்காயம் வேண்டாம்’ என்று தமிழில் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கியூஆரில் பத்து ரூபாய் செலுத்தி, அது யார் பெயருக்குப் போகிறது என்று திரையில் பாருங்கள். ஓடிபி கேட்டால், குறுஞ்செய்தி முழுவதையும் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடன் என்றோ தவணை அனுமதி என்றோ ஒரு சொல் இருந்தாலும் எண்ணைச் சொல்லாதீர்கள். மாதச் சந்தா என்பவர் மாதாமாதம் நாம் அனுப்பும் பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு ஆதாரும் பான் எண்ணும் தேவையில்லை.

இப்போது எங்கள் கடையில் வங்கி தந்த கியூஆரும், பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டியும் இருக்கின்றன. பழைய கணினியில் இணையம் இல்லாமலே ஓடும், ஒருமுறை பணம் கட்டி வாங்கிய பில்லிங் மென்பொருள் இருக்கிறது. அதில் அடுப்படிச் சீட்டு தமிழில் வருகிறது, பார்சலுக்கு டோக்கன் எண்ணும் விழுகிறது. நடுவில் கேட்கும் ஆஃப்பாயிலைச் சப்ளையர் கல்லாவில் சொன்ன பிறகுதான் மாஸ்டருக்குச் சீட்டு போகும் என்று விதி வைத்திருப்பதால், அது பில்லில் விட்டுப்போவது பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்த நிறுவனத்தின் டேப்லெட்டையும் பிரிண்டர்களையும் வழக்குக்குச் சான்றாகப் பெட்டியில் வைத்திருக்கிறோம். உங்களிடமும் இருந்தால், ஒப்பந்தம், குறுஞ்செய்திகள், வங்கி அறிக்கை ஆகியவற்றோடு அவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள்.