கோபாலபுரம் தாண்டி போர்டு இல்லாத ஒரு மெஸ்

பொள்ளாச்சில இளநி லோடு ஏத்திட்டு பாலக்காட்டுப் பக்கம் போறவங்களுக்குத்தான் இத எழுதறேன். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி சித்தூர் போற வழியில எடது பக்கம் ஒரு ஓட்டு வீடு, போர்டு கெடையாது, வாசல்ல ரெண்டு மூணு வண்டி நிக்கும், அதான் அடையாளம். மதியம் சாப்பாடு மட்டுந்தான், 3 மணிக்கு மேல போனா பாத்திரம் கழுவற சத்தந்தான் கேக்கும்.

சாப்பாடு 80 ரூபா. மட்டை அரிசியா வெள்ளை அரிசியான்னு கேட்டுட்டுத்தான் போடுவாங்க. சாம்பார் சுமார், தேங்கெண்ண வாசம் தூக்கலா இருக்கு, நம்மூரு ருசிய எதிர்பாக்காதீங்க. ஆனா பூசணிக்கா எரிசேரி இருக்கு பாருங்க, மேல தேங்காத்துருவல செவக்க செவக்க வறுத்து கொட்டியிருப்பாங்க, அதுக்காகவே நான் பசியோட வண்டிய ஓட்டிட்டு வருவேன். சோறு நாம எலைக்கு குறுக்க கைய நீட்டற வரைக்கும் வந்துட்டே இருக்கும்.

இனி விசயத்துக்கு வரேன். கை கழுவற கொழா பின்பக்கம். அங்க மதில் மேல ஒரு துண்டு எலைல ஒரு கரண்டி சோறு, பக்கத்துல டம்ளர்ல தண்ணி. காக்காய்க்குங்களாண்ணான்னு ஓனர்கிட்ட கேட்டேன். "காக்காய்க்கு காலைலயே வெச்சாச்சு தம்பி, இது பேய்க்கு"ன்னாரு. தின்ன எரிசேரி வயித்துக்குள்ள ஒரு சுத்து சுத்துச்சு.

மனுசன் ரொம்ப வருசம் சிங்கப்பூர்ல சமையல் வேல பாத்தவரு. அங்க சீனக்காரங்களுக்கு ஏழாம் மாசம் பேய் மாசம், ரோட்டோரமா சோறு பழம் வெச்சு ஊதுபத்தி கொளுத்துவாங்க, காகிதப் பணத்த எரிப்பாங்க, மேடை போட்டு பாட்டு கச்சேரி நடத்துனா முன் வரிசை நாற்காலிய காலியா விட்ருவாங்க, அது செத்தவங்களுக்கு. இவரு தெரியாம போய் உக்காந்து ஏச்சு வாங்கியிருக்காரு. கூட ரூம்ல இருந்த சிங்களக்காரர்தான் அப்பறம் வெவரம் சொன்னாராம். பிரேதம்னா பொணம் இல்ல, பசியோட அலையற பேய்; அதுக்கு வயிறு மலையாட்டம், தொண்டை ஊசிக் காதாட்டம், எவ்வளவு வெச்சாலும் எறங்காது. புத்தரோட சீடர் மொக்கல்லானர் அவங்கம்மாவ அப்படிப் பாத்து சோத்த குடுத்தா வாய்க்குப் போறதுக்குள்ள நெருப்புக் கங்கா மாறிருச்சாம். ஏழாம் மாசம் 15ஆம் நாளு துறவிங்களுக்கு அன்னம் போடு, அந்தப் புண்ணியம் உங்கம்மாளுக்குப் போகும்னு புத்தர் சொன்னாராம். ஜிபேல மாத்திவுடற மாதிரிங்களான்னேன். அவரு சிரிக்கல.

எனக்கு மனசுல நின்னது வேற. அந்தப் பேய்ங்க இருக்கற பக்கம் வெவசாயம் கெடையாது, மாடு கன்னு கெடையாது, ஏவாரமும் கெடையாது, இங்கிருந்து போறதுதான் அவங்களுக்கு பொழப்புன்னாரு. லோடு அடிக்கறவனுக்கு இது சுருக்குன்னு புரியும். சொந்தக்காரங்க வீட்டு மதிலுக்கு வெளிய, முச்சந்தில, நிலைப்படி ஓரமா வந்து நிப்பாங்களாம், உள்ள விருந்து நடந்தாலும் ஒருத்தருக்கும் இவங்க நெனப்பு வராதாம். எங்காத்தா அமாவாசைக்கு படைக்கறது எங்கப்பாருக்கு. இவரு வெக்கிறது யாருக்குன்னு கேட்டா, "ஒறம்பரை, சொந்தபந்தம் இல்லாதவங்களுக்கு"ங்கறாரு. சீன மடத்துல ஏழு பருக்கைதான் வெப்பாங்களாம், மந்திரம் சொன்னா எல்லாருக்கும் பெருகிருமாம். "எனக்கு மந்திரம் தெரியாதே, அதான் ஒரு கரண்டியா வெச்சர்றேன்."

ஸ்கூல்ல மணிமேகலைல படிச்சமே காயசண்டிகை, 12 வருசம் யானைத்தீங்கற நோயால எவ்வளவு தின்னாலும் அடங்காத பசி, அந்தம்மா ஞாபகம் வந்துச்சு எனக்கு. அதுவும் பௌத்த கதைதானுங்களே.

பேசிட்டு இருக்கறப்பவே ஒரு பெரியவர் வந்தாரு, அழுக்கு வேட்டி, காசு இல்லைன்னு கைய விரிச்சாரு. பரிமாறற பையன் அங்கயே நில்லுங்க பார்சல் தரேன்னான். ஓனர் இங்கிருந்தே, "டேய், நிலைப்படில நிக்க வெக்காத, உள்ள எலை போடு"ன்னு சத்தம் போட்டாரு. ஃபேனுக்கு நேரா உக்கார வெச்சாங்க. அவரும் மட்டை அரிசிதான் கேட்டாரு.

கொறை இல்லாம இல்ல. பப்படம் ரெண்டு தடவையும் நமுத்துப் போயிருந்துச்சு. கக்கூஸ் பக்கம் போகாம இருக்கறது நல்லது. செக்போஸ்ட் பக்கம் சிக்னல் ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுல ஊசலாடும், ஜிபே சுத்திட்டே நிக்கும், சில்லறையா கொண்டு போங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஞாயித்துக்கெழம லீவு, மதில் மேல சோறு மட்டும் அன்னிக்கும் உண்டாம்.