சாக்ரந்தீனோ: தட்டில் இறைச்சி வந்த பிறகு ஊற்றுங்கள்

மொன்தெஃபால்கோ சாக்ரந்தீனோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினின் முதல் வாய் பலரை முகம் சுளிக்க வைக்கும். ஈறும் உள்கன்னமும் வறண்டு, கடுக்காயைக் கடித்ததுபோல நாக்கை இழுத்துப் பிடிக்கும். பாட்டில் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம். இந்தத் திராட்சையின் குணமே அதுதான். நடு இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில், மொன்தெஃபால்கோவிலும் பெவான்யா போன்ற பக்கத்து ஊர்களிலும் விளைகிற சாக்ரந்தீனோவில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அவ்வளவு செறிவு. துவர்ப்புக்குப் பேர்போன இன்னொரு இத்தாலிய ஒயினான பரோலோவே இதன் பக்கத்தில் சாதுவாகத் தெரியும்.

முன்பெல்லாம் இந்தத் திராட்சையை உலர்த்தி, பாஸ்ஸீத்தோ என்ற இனிப்பு ஒயினாகத்தான் பெரும்பாலும் செய்தார்கள். இனிப்பு துவர்ப்பை மூடிவிடும். இனிப்பில்லாத வகை 1970களுக்குப் பிறகே பரவியது, 1992இல் இத்தாலிய ஒயினுக்கான உயர்ந்த தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. தகுதி கிடைத்தது. அர்னால்தோ காப்ராய் பண்ணை 1993 அறுவடையில் தொடங்கிய '25 அன்னி' என்ற ஒயின்தான் இதை வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்தது. முழுக்க சாக்ரந்தீனோ திராட்சைதான் இருக்க வேண்டும், 37 மாதம் முதிர வேண்டும், அதில் 12 மாதமாவது மரப்பீப்பாயில் கழிய வேண்டும் என்பது விதி. அந்த 37 மாதமும் போதாது என்பதே எங்கள் கருத்து. அறுவடையிலிருந்து எட்டு, பத்து ஆண்டு கடந்த பாட்டிலைத் தேடுங்கள்.

குடிப்பதற்கு முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மூன்று மணி நேரம் முன்பு டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் மெல்ல ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கார்க்கை மட்டும் கழற்றி வைப்பதில் பயனில்லை, குறுகிய கழுத்து வழியே காற்று போதுமான அளவு படாது. பரிமாறும்போது சூடு 18 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் துவர்ப்பு கடுகடுக்கும். 20ஐத் தாண்டினால், ஆல்கஹால் 15 சதவீதத்தை நெருங்குகிற ஒயின் என்பதால், மூக்கில் எரிச்சல்தான் மிஞ்சும். நல்ல பாட்டிலில் கருநாவற்பழம் போன்ற அடர்ந்த பழவாசமும் மசாலா வாசமும் வரும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க் பழுது. எவ்வளவு நேரம் காற்றாடவிட்டாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இனி சாப்பாடு. ஒரு சோதனை செய்து பாருங்கள். வெறும் வாயில் ஒரு மடக்கு. பிறகு உப்பேறிய முதிர்ந்த பெக்கொரீனோ பாலாடைக்கட்டியில் ஒரு துண்டை மென்றுவிட்டு இன்னொரு மடக்கு. இரண்டாவதில் துவர்ப்பு பாதியாக இறங்கி, பழச்சுவை மேலே வரும். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு வழுவழுப்பை எடுத்துவிடுவதால்தான் வாய் வறள்கிறது. பாலாடைக்கட்டியின் புரதமும் கொழுப்பும் அந்த வேலையைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. உப்பு கசப்பைத் தணிக்கிறது.

ஆகவே கொழுப்புள்ள ஆட்டுத் தொடை, ராகு என்ற காட்டுப்பன்றிக் கறிக்குழம்பு ஊற்றிய பாஸ்தா, பெருஞ்சீரகமும் பூண்டும் வைத்துச் சுட்ட பன்றி இறைச்சியான போர்க்கெத்தா எல்லாம் கச்சிதம். இறைச்சி வேண்டாதவர்களுக்கு, உம்ப்ரியாவின் காஸ்தெலூச்சோ ஊரில் விளையும் சின்ன மசூர் பருப்பை ஆலிவ் எண்ணெய் தாராளமாக விட்டு வேகவைத்து, மேலே பெக்கொரீனோ துருவிப் போட்டால் போதும். கொழுப்பில்லாத கோழி நெஞ்சுக்கறி இந்த ஒயினிடம் தோற்றுவிடும். மீனோடு சேர்த்தால் வாயில் இரும்புச் சுவை. மிளகாய்க் காரத்தைத் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து இன்னும் மூட்டிவிடும். இனிப்புப் பண்டம் பக்கத்தில் இருந்தால் ஒயின் கசந்துபோகும், அதற்குப் பாஸ்ஸீத்தோவை எடுங்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் மொன்தெஃபால்கோ ரோஸ்ஸோ என்ற ஒயினில் தொடங்கலாம். அதில் சாஞ்சொவேசே என்ற திராட்சை பெரும்பங்கு, சாக்ரந்தீனோ சிறுபங்கு; விலையும் குறைவு.

மீந்ததைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். கார்க்கைத் திருப்பி அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும். இளம் பாட்டில் என்றால் மறுநாள்தான் இன்னும் இணக்கமாக இருக்கும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.