போர்ச்சுக்கீசிய எழுத்தில் எ-யா, இ-யா: காதா, சொற்குடும்பமா, அகராதியா?

குடை என்று எழுதிவிட்டுக் கொடை என்று சொல்கிறோம், எழுதும்போது தடுமாறுவதில்லை. போர்ச்சுக்கீசியத்தில் திசை நேர்மாறு. சிறுவனுக்கான சொல்லை 'மெனினோ' என்று எழுத வேண்டும், ரியோவில் காதில் விழுவதோ 'மினீனு'. அழுத்தம் விழாத அசையில் எ-யும் ஓ-வும் இப்படித்தான் இ, உ பக்கம் சாய்கின்றன. புதிதாகக் கற்பவர் எதை நம்பி எழுதுவது?

காதை நம்புவதென்றால் யாருடைய பேச்சு என்பது முக்கியம். லிஸ்பன்காரர்கள் அழுத்தமில்லாத எ-யைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். ஓ-வும் உ ஆகிவிடும், நாட்டின் பெயரே 'புர்துகால்' தான். பிரேசிலில் இந்த உயிர்கள் இன்னும் தெளிவாகக் கேட்கும். எழுத்துக்காக மட்டும் கேட்பதானால் என் ஓட்டு பிரேசிலுக்கு. அங்கேயும் சொல்லின் கடைசி மாறும்: பாலை 'லெய்தெ' என்று எழுதி 'லெய்ச்சி' என்பார்கள். ஆனால் இதற்கு நல்ல விதி உண்டு. கடைசி அசையில் அழுத்தமில்லாமல் இ, உ கேட்டால் எ, ஓ போடுங்கள். டாக்சி ('தாக்சி'), வைரஸ் ('வீருஸ்') போல எழுத்திலும் இ, உ வரும் சொற்களில் முந்தைய அசையின் உயிர்மேல் ஒரு சாய்கோடு இருக்கும். முந்திரியின் 'காஜு' போலக் கடைசி அசையே அழுந்தினால் கோடு வேண்டாம், உ தான்.

சொல்லின் நடுவில் சொற்குடும்பம் கைகொடுக்கும். ஒலிப்பதும் வியர்ப்பதும் லிஸ்பனில் ஒரே 'ஸ்வார்'. ஒலி 'சோம்', அதனால் முதலாவதில் ஓ. வியர்வை 'சுவோர்', இரண்டாவதில் உ. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மழை 'ஷூவா', உ. மழை பெய்வது 'ஷொவேர்', ஓ. தூங்குவது 'தொர்மீர்', நான் தூங்குகிறேன் 'தூர்மு', முதல் உயிர் உ என்றே எழுத்திலும் வரும்.

அப்புறம் அகராதி. போர்ச்சுக்கீசியம் பேசும் நாடுகள் 1990இல் லிஸ்பனில் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தமே, இந்த உயிர்கள் அடிப்படையில் சொல்லின் வேரையும் வரலாற்றையும் பொறுத்தவை, பல இடங்களில் அகராதியைப் பார்த்தால்தான் தெரியும் என்கிறது. வெளிநாட்டுக்குக் குடிபோவது 'எமிக்ரார்', குடிவருவது 'இமிக்ரார்'. வாயில் பெரும்பாலும் இரண்டும் 'இ'. இப்படிப்பட்ட ஜோடிகளை மனப்பாடம் செய்வதில் தப்பே இல்லை.

வினைச்சொற்களுக்கு மட்டும் அகராதியைப் புரட்ட வேண்டாம். 'வைத்திருக்கிறார்' என்பதும் 'தொடரட்டும்' என்பதும் பிரேசிலில் 'சூய்', 'நூய்' என்று ஒரே மாதிரி முடியும். மூலவினையைப் பாருங்கள்: 'பொசுயீர்' போல 'உயீர்' என்று முடிந்தால் கடைசியில் இ, 'கொந்தினுவார்' போல 'உவார்' என்று முடிந்தால் எ.