இன்னோவாவுக்கு ரன்-ஃப்ளாட் டயர் வேணுமா? இரண்டு வேன், ஒன்பது வருஷ அனுபவம்

"அத்தான், ரன்-ஃப்ளாட் டயர் ஒரு செட்டு திருவனந்தபுரத்துல கெடக்கு. ஏதோ பெரிய காருல இருந்து கழட்டினதாக்கும். புதுசுக்குள்ள வெலையில பாதிகூட இல்ல. நம்ம வண்டிக்குப் போட்டுருவோமா?"

போன மாதம் கருங்கலில் இருந்து மச்சினன் போன் போட்டுக் கேட்டது இது. அவனிடம் இருப்பது இன்னோவா கிரிஸ்டா, 17 இஞ்ச் ரிம் வரும் ரகம். வாரம் ஒரு தடவையாவது மாமனார் மாமியாரை ஏற்றிக்கொண்டு எங்காவது போகிறவன். பஞ்சரானாலும் நிற்காமல் ஓடும் டயர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? "வேண்டாம்லே" என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமெரிக்காவில் அந்த டயரில் குடும்பத்தோடு நாலு வருஷம் ஓடியிருக்கிறேன். ஒரு ராத்திரி அது எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே டயர் மறுநாள் காலையில் என்னைப் பாடாய்ப் படுத்தியும் இருக்கிறது.

2016இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் பக்கம் வேலையில் இருந்தபோது, பழைய வண்டியாக ஒரு டொயோட்டா சியென்னா வாங்கினேன். 2015 மாடல், நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். பனி விழும் ஊருக்கு அதுதான் சரி என்று எல்லாரும் சொன்னார்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் ஸ்டெப்னியே கிடையாது. பின் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டும் மற்ற சாமான்களும் வண்டிக்கு அடியில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஸ்டெப்னிக்குப் பதில் கம்பெனியே 235/55 ஆர்18 அளவில் ரன்-ஃப்ளாட் டயர் போட்டு அனுப்பியிருந்தது.

சாதா டயரில் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று போய்விட்டால் பக்கச் சுவர் மடிந்து, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, கொஞ்ச தூரத்திலேயே கிழிந்துவிடும். ரன்-ஃப்ளாட்டில் பக்கச் சுவருக்கு உள்பக்கம் தடித்த ரப்பர் பட்டை ஒன்று வைத்திருப்பார்கள். காற்றே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டை வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது மடிந்து நிமிர்வதால் சூடேறிக்கொண்டே போகும். ரப்பர் மரம் உள்ள நம்ம ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம், ஒரு துண்டு ரப்பரைக் கையில் வைத்து வேகமாக இழுத்து இழுத்து விட்டு உதட்டில் வைத்துப் பார்த்தால் போதும். அதனால்தான் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே, எண்பது கிலோமீட்டர் தூரத்துக்கு மேல் ஓட்டாதே என்று பெரும்பாலும் எல்லை வைக்கிறார்கள். ஏழு பேரும் பெட்டிகளுமாக ஏற்றினால் அந்த எண்பதும் குறையும்.

2018 ஜனவரி. நியூ ஜெர்சியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்து ஐ-80 நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டிவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு டிகிரி. பிள்ளைகள் கடைசி சீட்டில் தூங்குகிறார்கள். டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு, குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மாதிரி. குளிர்காலக் காலைகளில் அந்த விளக்கு சும்மாவே எரியும், ஐந்தாறு டிகிரி இறங்கினால் சுமார் ஒரு பிஎஸ்ஐ காற்று குறையும் என்பதால். அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டீயரிங் லேசாகக் கனத்தது, அவ்வளவுதான். சத்தம் இல்லை, இழுப்பு இல்லை. சந்தேகம் வந்து ஓரம் கட்டி டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பக்க வலது டயரில் காற்று சுத்தமாக இல்லை. சாதா டயராக இருந்திருந்தால் அந்தப் பனியில் பிள்ளைகளோடு இழுவை வண்டிக்குக் காத்துக் கிடந்திருப்போம். நான் மெதுவாக ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு மேல் ஓட்டி, ஒரு சின்ன ஊரில் மோட்டல் பார்த்துப் படுத்தேன். எண்பதாம் நம்பர் ரோட்டில் எண்பது வேகத்தில் எண்பது கிலோமீட்டர் கணக்குப் போட்டபடி ஓட்டியதை மனைவி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

மறுநாள் காலையில் டயர் கடை. அந்த அளவில் ரன்-ஃப்ளாட் இல்லை, வரவழைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஓட்டையை அடைத்துத் தாருங்கள் என்றேன். கடைக்காரர் டயரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினார். கறுப்பு மாவு மாதிரி ரப்பர் தூள், பக்கச் சுவரைச் சுற்றி வளையமாக ஒரு தடம். காற்றில்லாமல் இவ்வளவு தூரம் ஓடியதை ஒட்டித் தர மாட்டேன், உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்று வெளியே தெரியாது என்றார். நாலு சக்கர இழுவை என்பதால் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் உயரம் பொருந்தாது என்று ஜோடியாக மாற்றினேன். ஐந்நூறு டாலருக்கு மேல் போனது. மோட்டல் வாடகை தனி. இந்த டயர் நம்மை ஊர் வரைக்கும் கொண்டுவிடும். அந்த ஊரில் மாற்று டயர் கிடைப்பது நம்ம அதிர்ஷ்டம்.

அதற்கும் முன்னால் 2005இல் ஹோண்டா ஒடிசி வேனின் உயர்ந்த ரகத்தில் மிஷ்லின் டயர் கம்பெனியின் பாக்ஸ் (PAX) என்ற ரன்-ஃப்ளாட் முறை வந்தது. அதில் ரிம்மைச் சுற்றி டயருக்குள்ளேயே ஒரு தாங்கு வளையம் இருக்கும். கழற்றி மாட்டத் தனி இயந்திரமும் பழகிய ஆளும் வேண்டும். அந்த முறையை மேலே வளர்ப்பதை மிஷ்லினே சில வருஷங்களில் நிறுத்திவிட்டது. நான் பட்டது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அடுத்த முழு செட்டும் ரன்-ஃப்ளாட்டே போட்டேன். 40,000 கிலோமீட்டருக்குள் பட்டன் தேய்ந்து மொட்டை. 2020இல் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சாதா டயருக்கு மாறினேன். பஞ்சர் கிட், கம்ப்ரஸர், பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஒரு ஒல்லி ஸ்டெப்னி. பெட்டி வைக்கும் இடம் போனது. ஆனால் முதல் நாளே வண்டி வேறு வண்டியாகிவிட்டது. ரோட்டின் ஒவ்வொரு இணைப்பிலும் கேட்ட "டக் டக்" நின்றது. அவ்வளவு காலமும் அதை வண்டியின் குணம் என்றே நினைத்திருந்தேன்.

2021இல் ஊருக்குத் திரும்பி நாகர்கோவிலில் கிரிஸ்டா வாங்கினேன். 2018 மாடல், 205/65 ஆர்16 சாதா ட்யூப்லெஸ். நாலு வருஷத்தில் ஆறு பஞ்சர். அதில் ஐந்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் விஷயமே. களியக்காவிளையில் இருந்து நாகர்கோவில் வரை எங்கே காற்று இறங்கினாலும், பைய உருட்டிக்கொண்டு போனால் ஒரு பஞ்சர் கடை வந்துவிடும். தக்கலை தாண்டி ஒரு தடவை ஆணி ஏறியது. கடைக்காரர் டயரைக் கழற்றாமலே குச்சி சொருகி, எச்சில் தொட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்து, நூற்றைம்பது ரூபாய் வாங்கினார். பதினைந்து நிமிஷம். சாயா குடித்துத் திரும்பினால் வேலை முடிந்திருந்தது.

பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் பள்ளத்தில் இறங்கிப் பக்கச் சுவர் கிழிந்தது மட்டும் கொஞ்சம் செலவு. அந்த இடத்தில் ரன்-ஃப்ளாட் இருந்திருந்தால் வீடு வரை வந்திருக்கலாம். ஆனால் அந்த விறைத்த பக்கச் சுவர் அடியை அப்படியே ரிம்முக்கு அனுப்பும். கல் லாரிகள் உழுது போட்ட நம்ம ரோட்டில் அதை வருஷம் முழுக்க யார் முதுகில் வாங்குவது? அம்மைக்கு இரண்டு முட்டியும் மாற்றியிருக்கிறது. வில்லுக்குறி வரும்போதே "மக்கா, பைய போ" என்று தொடங்கிவிடுவாள்.

மிச்சமிருந்த ஒன்றுதான் ஆரல்வாய்மொழி.

2023 ஆடி மாதம், திருநெல்வேலியில் ஒரு கல்யாண வரவேற்பு முடித்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்குத் திரும்புகிறோம். முப்பந்தல் தாண்டி, காற்றாலை விளக்குகள் இரண்டு பக்கமும் சிவப்பாக மின்ன, வண்டி இடது பக்கம் தடதடவென்று ஆடியது. நிறுத்துவதற்குள் டயர் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. ஆடிக் காற்று கணவாய் வழியே வருவது எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும். பக்கத்தில் டாரஸ் லாரி ஒவ்வொன்று போகும்போதும் ஜாக்கியில் நின்ற வண்டி ஆடுகிறது. அம்மையைக் கீழே இறக்கவும் முடியாது, உள்ளே வைத்துத் தூக்கவும் பயம்.

கிரிஸ்டாவில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும், கம்பியை விட்டுத் திருகி இறக்க வேண்டும். திருகினேன், அசையவில்லை. எங்கள் வீடு குளச்சல் பக்கம், கடலுக்கு அரைக் கிலோமீட்டர். ஒரு வருஷத்துக்கும் மேலாக உப்புக் காற்று தின்ற சங்கிலி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. வாங்கிய நாள் முதல் ஒரு தடவைகூட நான் அதை இறக்கிப் பார்த்ததில்லை. வெங்காய லோடு ஏற்றி வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி, அடியில் படுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கித் தந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வீடு சேர்ந்தபோது மணி இரண்டு. அந்த ராத்திரி யாராவது ரன்-ஃப்ளாட் நாலு லட்சம் என்று சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

மறுநாள் டயரைப் பிரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பழைய ஆணி. மூன்று நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. என் கிரிஸ்டாவில் அந்த லாட விளக்கு கிடையாது. அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குப் பிறகு செய்யப்பட்ட எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயம், காற்று கால் பங்கு குறைந்தால் எரிந்தாக வேண்டும். சியென்னாவில் என்னைக் காப்பாற்றியதில் பாதி அந்த விளக்குதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அது இல்லாத வண்டியில் ரன்-ஃப்ளாட் மாட்டினால் ஆபத்தும்கூட. காற்று போனதே தெரியாமல் நூறில் ஓட்டிக்கொண்டிருப்போம். 2020இல் மத்திய மோட்டார் வாகன விதியைத் திருத்தியபோதுகூட, ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்க வேண்டுமானால் ட்யூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காற்றழுத்தம் காட்டும் கருவி மூன்றும் இருக்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள்.

உடனே டிபிஎம்எஸ், அதாவது டயரின் காற்றழுத்தம் காட்டும் கருவி வாங்கினேன். முதலில் வால்வு மூடியாகத் திருகும் ரகம், இரண்டாயிரத்துச் சொச்சம். எட்டு மாதத்தில் உப்புக் காற்றில் மூடியும் வால்வும் ஒட்டிக்கொண்டு, கழற்றப் போனால் வால்வே முறிந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து அதை வாங்காதீர்கள். இப்போது டயருக்கு உள்ளே பொருத்தும் ரகம் போட்டிருக்கிறேன். ஒன்றரை வருஷமாகச் சரியாகக் காட்டுகிறது. இதற்குப் பின் இரண்டு தடவை ஆணி ஏறியதை வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடித்தேன். டிக்கியில் கம்ப்ரஸரும் குச்சி கிட்டும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டெப்னியை இறக்கி, சங்கிலிக்குக் கிரீஸ் போட்டு, காற்றும் பார்த்து ஏற்றுகிறேன். (ஸ்டெப்னி என்ற பேரே வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் இருந்து வந்ததாம். 1904இல் அங்கேதான் இந்த வியாபாரம் தொடங்கியது. நம்ம பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னேன், "அப்பிடியா சாரே, நான் தமிழுண்ணு நெனச்சேன்" என்றார்.)

சரி, மச்சினன் விஷயம். போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் திருவனந்தபுரம் போனோம். 225/55 ஆர்17. அவன் வண்டியில் இருப்பது 215/55 ஆர்17, உயரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் கூட, பாரம் தாங்கும் எண்ணும் போதும். அளவில் குற்றம் சொல்ல முடியவில்லை, மச்சினன் முகத்தில் வெளிச்சம். நான் பக்கச் சுவரில் நாலு இலக்க எண்ணைத் தேடினேன். இரண்டில் 2318, மற்ற இரண்டில் 2319. அதாவது 2018இன் 23வது வாரம், 2019இன் 23வது வாரம். ஆறேழு வயசு. அப்புறம் டயருக்குள் கையை விட்டுத் தடவினேன். மூன்று நன்றாக இருந்தது. நாலாவதில் பக்கச் சுவரைச் சுற்றி அந்த வளையத் தடம், விரலில் கறுப்பு மாவு. பென்சில்வேனியாவில் பார்த்த அதே மாவு.

"இது காத்தில்லாம ஓடினது," என்றேன். கடைக்காரர் இல்லவே இல்லை என்றார். நான் விரலைக் காட்டினேன். அப்படியானால் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், விலை குறைத்துத் தருகிறேன் என்றார்.

ரிம் பற்றியும் மச்சினனிடம் சொன்னேன். ரன்-ஃப்ளாட்டுக்கென்று செய்த ரிம்மில், காற்று போனாலும் டயரின் விளிம்பு நழுவாதபடி உள்ளே மேடு கொஞ்சம் உயர்த்தி வைத்திருப்பார்கள். சாதா ரிம்மில் அந்த உத்தரவாதம் கிடையாது. விலையைக் கேட்டபோது பளபளத்த கண்ணு அப்போதுதான் கொஞ்சம் மங்கியது.

திரும்பும் வழியில் மார்த்தாண்டம் பாலம் ஏறும்வரை அவன் பேசவில்லை. பிறகு, "அத்தான், ஒங்க வண்டியில டயருக்குள்ள போட்டிருக்கியளே, அது எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டான். ஆறாயிரத்துக்குப் பக்கத்தில் என்றேன். அடுத்த வாரம் பொருத்திவிட்டான். பொருத்திய மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன். "அத்தான், பின்னால எடதுல இருபத்தாறு காட்டுது, கத்திக்கிட்டே கெடக்கு, என்ன செய்ய?"

"எங்க நிக்க?"

"வீட்டு முத்தத்துல."

காலையில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.