அரை மில்லிமீட்டர்

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "உங்க வண்டிக்கு பின்பக்க ஸ்பிரிங் மாத்தினீங்களே, எப்படி இருக்கு? எனக்கும் மாத்தணும். அதையே வாங்கிடவா?" அவருடைய காரும் என்னுடையதும் ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே வயது. வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அரை மணி நேரம் பொறுத்துக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நினைவுல நிக்காது, எழுதியே அனுப்பிடுங்க" என்றார். அவருக்கு எழுதியதை இன்னும் கொஞ்சம் நீட்டி இங்கே வைக்கிறேன்.

வண்டி பதினாறு வயதுச் சின்ன ஹாட்ச்பேக். முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம், நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, 27,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

மாற்ற வேண்டி வந்ததே ஒரு சத்தத்தால்தான். ஒருநாள் காலை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் 'டங்' என்று ஒரே ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வண்டி லேசாக இடதுபக்கம் சாய்ந்து நிற்பதுபோல் ஒரு சந்தேகம். ஜாக்கி வைத்துத் தூக்கியதும் தெரிந்தது: இடது பின் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து, துண்டு ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்க் கிண்ணத்திலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தால், முறிந்த முகத்தில் முக்கால்வாசி துருவேறிக் கறுத்திருந்தது, மீதிக் கால்வாசி மட்டும் அப்போதுதான் உடைத்த கற்கண்டுபோல் மினுமினுத்தது. பல மாதமாக விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்று காலை மிச்சமிருந்ததும் போய்விட்டது. இந்த ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடையும். கீழ்க் கிண்ணத்தில் மண்ணும் தண்ணீரும் தேங்கும், மணல் உரசிப் பெயிண்ட் உரியும், துரு ஒரு சின்னக் குழி தோண்டும். ஸ்பிரிங் எஃகுக்கு அந்தக் குழி போதும்.

உடைந்தது ஒன்றுதான் என்றாலும் ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. முன்பக்கமும் கொஞ்சம் உட்கார்ந்திருந்ததால் நான்கையுமே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

முன் ஸ்பிரிங் பற்றி இரண்டு வரி போதும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்குரிய பார்ட் நம்பரில், பழையதில் இருந்த அதே நிறக் கோடுகளோடு வந்தது. மாட்டிய நாளோடு அதை மறந்துவிட்டேன். ஒரு ஸ்பிரிங்குக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

வினை பின் ஸ்பிரிங்கில் வந்தது. கம்பெனி ஸ்பிரிங் கையிருப்பில் இல்லை, வர நாளாகும். கடையில் இருந்தவர் வேறொரு பெட்டியை எடுத்து வைத்தார். "பழைய வண்டிக்கு இதுதான் சார் சரி. ஹெவி டியூட்டி. உட்காரவே உட்காராது." நானும் தலையாட்டினேன். அப்போது என் தலைக்குள் இருந்த கணக்கு இதுதான்: பதினான்கு வருடத்தில் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கிறது, எனவே கொஞ்சம் கெட்டியாகப் போட்டால் ஈடு கட்டிவிடும்.

இரண்டு வருட எரிச்சலுக்கும் இந்தக் கணக்குதான் காரணம். ஸ்பிரிங் வயதாகி உட்காரும், அது உண்மை. ஆனால் உட்கார்ந்த ஸ்பிரிங் மெத்தென்று ஆவதில்லை. அதன் உயரம்தான் குறைகிறது. ஒரு சென்டிமீட்டர் அமுக்கப் புதிதில் எவ்வளவு பாரம் வேண்டியிருந்ததோ, இன்றைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே வேண்டும். எஃகின் அந்தக் குணம் வயதால் மாறுவதில்லை. பழைய வண்டி பள்ளத்தில் 'தொம்' என்று அடிப்பதற்குக் காரணமும் வேறு. உயரம் குறைந்துவிட்டதால், ஸ்பிரிங் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் சீக்கிரமே போய் முட்டுகிறது. இழந்த உயரத்தைத் திரும்பப் பெற்றால் போதும். கூடுதல் கெட்டி எனக்குத் தேவையே இல்லை.

இதை ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். மாட்டிய முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வால் தூக்கி, வண்டி இளமையாக நின்றது. உயரத்தை எப்போதும் சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரைதான் அளப்பேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். சர்வீஸ் புத்தகப்படி பின்னால் 360 மில்லிமீட்டர். உடையாத வலதுபக்கப் பழைய ஸ்பிரிங் நின்றது 348-இல். புதியது 377. புது ஸ்பிரிங் கொஞ்சம் படியும் என்று காத்திருந்தேன். படிந்தது, மூன்றே மில்லிமீட்டர். 374-இல் இன்றுவரை சிலைபோல் நிற்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, உட்காரவே இல்லை.

அப்புறம்தான் உதை தொடங்கியது. நான் பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுவேன். வேகத்தடையில் முன் சக்கரம் பதவிசாக ஏறி இறங்கும். அடுத்த நொடி பின்பக்கம் யாரோ அடியிலிருந்து காலால் உதைத்ததுபோல் எழும்பும். பின் சீட்டில் தண்ணீர் பாட்டில் வைத்தால் முதல் வேகத்தடையில் உருளும், இரண்டாவதில் கீழே விழும், மூன்றாவதில் முன் சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு வருடமாக இதே வரிசைதான். இப்போது மூன்றாவது வேகத்தடை தாண்டியதும் கை தானாகக் கீழே போகிறது.

முதலில் டயர் காற்றைச் சந்தேகப்பட்டேன். குறைத்துப் பார்த்தேன், ஸ்டியரிங் கனத்தது, உதை போகவில்லை. பிறகு ஷாக் அப்சார்பர். புதிதாக இரண்டு போட்டேன். உதைத்த பிறகு ஆடுவது குறைந்தது, உதை அப்படியே இருந்தது. மெக்கானிக்கிடம் பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் இதற்காகத் திட்டு வாங்காத மாதமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய பின் ஸ்பிரிங்கை எடுத்து, பெயிண்டைச் சுரண்டி, தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்தேன். கம்பி 11 மில்லிமீட்டர். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, புதியதிலும் ஒரு நகக்கண் அளவு பெயிண்டைச் சுரண்டினேன். 11.5.

அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காயில் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 11.5-ஐ 11-ஆல் வகுத்து, அந்த விடையை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள்: 1.19 வரும். சுற்றின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை இரண்டும் பழையதைப் போலவேதான் இருந்தன. ஆக, நான் வாங்கி மாட்டியது 19 சதவீதம் கெட்டியான ஸ்பிரிங். பெட்டியில் அந்த எண் எங்கேயும் இல்லை. 'ஹெவி டியூட்டி' என்ற இரண்டு வார்த்தை மட்டும் தங்க எழுத்தில்.

இதில் ஷாக் அப்சார்பரால் ஏன் காப்பாற்ற முடியவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. என் தோராயக் கணக்கில், நான் தனியாக ஓட்டும்போது இந்த வண்டியின் முன்பக்கம் வினாடிக்கு 1.5 தடவை ஆடும். பின்பக்கம் பழைய ஸ்பிரிங்கில் 1.7, புதியதில் 1.86. ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும், ஆடும் வேகத்தைப் பெரிதாக மாற்றாது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆட வேண்டும் என்பதை 1930களின் தொடக்கத்திலேயே காடிலாக்கில் இருந்த பொறியாளர் மோரிஸ் ஆலி, பாரங்களை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிக் கண்டுபிடித்தார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறிவிடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால், அதிலிருந்து கால் வினாடி ஆவதற்குச் சற்று முன்பே பின் சக்கரமும் ஏறும். தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தைப் பிடித்து, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். பழைய 1.7 அப்படி அளந்து வைத்த எண். 1.86 முந்திக்கொண்டு ஓடுகிறது. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான் இருக்க வேண்டும்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "ஒரு சுற்றை வெட்டிடுங்க, இறங்கிடும்" என்றார் ஒருவர். இறங்கும், ஆனால் இயங்கும் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் இன்னும் கெட்டியாகும். போதாததற்கு, வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. "டிக்கியில் ஒரு மூட்டை மணல் போட்டு வையுங்க" என்றார் இன்னொருவர். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கணக்குப்படி அது சரி. ஒரு வாரம் போட்டும் பார்த்தேன், உதை குறைந்தது. பெட்ரோல் செலவை நினைத்து இறக்கிவிட்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறைய ஆளும் டிக்கி நிறைய சாமானுமாக ஏறினால் இதே ஸ்பிரிங் வேறு பிறவி எடுக்கிறது. பழைய ஸ்பிரிங்கில் அப்படி ஏறினால் வால் தரையைத் தேடும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைத் தேடும், ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் 'தொம்'. இப்போது அதே பாரத்தில் முன்பைவிட 2 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. போன வருடம் முழு பாரத்தோடு 400 கிலோமீட்டர் போனோம். ஒரு தடவைகூட முட்டவில்லை. பின் சீட்டில் எப்போதும் தலைசுற்றுகிறது என்று சொல்லும் ஆள் அன்று தூங்கிக்கொண்டே வந்தார். தண்ணீர் பாட்டில் அசையவில்லை. அந்த ஒருநாள் மட்டும் கடைக்காரரை மனதார மன்னித்தேன். மறுநாள் தனியாக எடுத்தேன், முதல் வேகத்தடையிலேயே மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

தரத்திலும் குறை சொல்ல முடியாது. நான் சுரண்டிய இடத்தைத் தவிர எங்கேயும் துரு இல்லை, பெயிண்ட் உரியவில்லை, ஒரு முனகல் சத்தம் இல்லை. இடதும் வலதும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. வால் உயர்ந்ததால் முன்பக்கம் குனிந்து, ஹெட்லைட் ஒளி 10 மீட்டரில் 6 சென்டிமீட்டர்போல இறங்கிவிட்டது. அதைத் திருகித் திருத்தியாயிற்று.

மாட்டுவதில் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்பக்கம் இந்த வண்டியில் சுலபம். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி பீமை இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். முன்பக்கம் அப்படியில்லை. அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரசர் இல்லாத இடத்தில் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, அந்தப் பின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்க விடாதீர்கள். வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். எனக்குத் தொங்கும்போதுதான் இறுக்கினார்கள். நான் திரும்பப் போய், தளர்த்தி இறுக்கச் சொன்னேன். கேட்டவர் முகம் போன போக்கை இங்கே எழுதவில்லை.

சரி, வாங்கலாமா? உறுதியான ஸ்பிரிங், நன்றாகச் செய்த ஸ்பிரிங், சொன்னபடி உட்காராத ஸ்பிரிங். வாங்காதீர்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்துவிட்டு, எத்தனை நாளானாலும் கம்பெனி ஸ்பிரிங்குக்குக் காத்திருங்கள். அதுவரை பழைய ஸ்பிரிங்கையும் ஒரு வெர்னியரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத்தான் போனிலும் சொன்னேன். கேட்டுவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டுல எப்பவும் அஞ்சு பேர் ஏறுவோம். அந்த ஸ்பிரிங்கை எனக்குக் குடுத்துடுங்க, உங்களுக்கு நான் கம்பெனி ஸ்பிரிங் வாங்கித் தர்றேன்" என்றார்.

அடுத்த மாதம் இன்னொரு நெடும்பயணம் இருக்கிறது, வண்டி நிறைய ஆள். அது முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.