டிரா ஆன ஆட்டத்தை லிசெஸ்ஸில் போட்டுப் பார்த்தேன்

போன ஞாயிறு டர்பன் செஸ் போட்டியில் எனக்கு வெள்ளைக் காய், எதிரில் ஒரு பள்ளிக்கூடப் பையன், 61 நகர்த்தல் ஆடி டிரா. சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் ஆட்டத்தை லிசெஸ் என்ற செஸ் தளத்தில் ஏற்றினேன். காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது, நன்கொடையில் ஓடுகிற தளம்.

பையன் ஆடியது பெர்லின் டிஃபென்ஸ், கறுப்புக்கான ஒரு தற்காப்பு ஓப்பனிங், அதாவது ஆட்டத் தொடக்க முறை. 2000-இல் லண்டனில் கிராம்னிக் இதை வைத்துத்தான் உலக சாம்பியன் காஸ்பரோவைக் கட்டிப்போட்டார், அந்த மேட்ச் முழுக்க காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியாமல் பட்டமே கைமாறியது. எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டுவிடும், கறுப்பு ராஜாவுக்கு கேஸ்லிங் (யானையோடு சேர்ந்து ஓரமாகப் பதுங்குகிற நகர்த்தல்) போய்விடும், சிப்பாய் ஒன்றின் பின் ஒன்றாக இரட்டையாக நிற்கும், பார்த்தால் வெள்ளைக்குத்தான் நல்லது என்று தோன்றும். ஆனால் இரண்டு பிஷப்பும் கறுப்பிடம் இருப்பதால் உடைப்பது லேசில்லை. எந்தத் தொடக்கம் எப்படி முடிந்தது என்று காட்டுகிற தளத்தின் ஓப்பனிங் எக்ஸ்புளோரரில் மாஸ்டர்கள் ஆட்டங்களைப் பார்த்தால் டிராவுக்கான சாம்பல் பட்டைதான் பெரிதாக இருக்கிறது. அப்படியே நம்மைப் போன்றவர்களின் ரேட்டிங்குக்கு மாற்றிப் பாருங்கள், அந்தப் பட்டை சுருங்கிவிடும். இதைப் பார்த்த பிறகு ஓப்பனிங் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் டேபிள்பேஸ், கடைசிக்கட்ட நிலைகளை முழுக்கக் கணக்கிட்டு வைத்திருக்கும் தரவுத்தளம். இதற்காகவே இந்தத் தளத்தைச் சொல்வேன். ராஜாக்களையும் சேர்த்து பலகையில் ஏழு காய்க்குள் வந்துவிட்டால் ஜெயமா டிராவா என்று உறுதியாகச் சொல்லிவிடும், யூகமே இல்லை. என்னிடம் யானையும் இரண்டு சிப்பாயும், அவனிடம் யானையும் ஒரு சிப்பாயும். 47-ஆவது நகர்த்தலில் அவசரப்பட்டு ஆளுக்கொரு சிப்பாயை வெட்டி மாற்றிக்கொண்டேன், அவன் யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தி என் ராஜாவை முன்னேற விடவில்லை, நான் சிப்பாயைத் தள்ளியதும் யானையைக் கடைசிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தான். இப்படி டிரா பிடிப்பதற்குப் பேர் ஃபிலிடோர் முறை, பிசகே இல்லை. மாற்றாமல் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் ஜெயம் என்கிறது டேபிள்பேஸ்.

ஏன் என்று மட்டும் அது சொல்லாது, காரணத்தை நாம்தான் பலகை முன்னால் உட்கார்ந்து தேட வேண்டும், எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. ஆட்டத்தை ஸ்டடியாக (குறிப்பு எழுதிப் பகிரக்கூடிய பக்கமாக) சேமித்து அந்தப் பையனுக்கும் சுட்டி அனுப்பினேன். 47-ஆவது நகர்த்தலுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "அங்கிள், ராஜாவை நகர்த்திவிடுவீர்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்."